கலாமணி பெயரில் இருக்கும் எண்

ஏப்ரல் 3, வியாழன்

ரத்த அழுத்தம் 160/100. மாத்திரையோடு, மனதில் இருப்பதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். நூல் மில்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

என் பெயர் தங்கவேல். என் டைரியில் எனக்கே எதற்கு அறிமுகம் என்று தோன்றும். எங்கள் கம்பெனியில் என் பெயர் எழுதிய காகிதம் ஒன்றுகூடக் கிடையாது, அதனால் இங்கேயாவது இருக்கட்டும். கம்பெனியின் பெயர் கலாமணி ஹோம் டெக்ஸ், கரூர் வெங்கமேட்டில் இருக்கிறது. சமையல்கட்டுத் துண்டு, சமைக்கும்போது கழுத்தில் மாட்டுகிற ஏப்ரன், சூடான பாத்திரம் பிடிக்கிற கையுறை எல்லாம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். கலாமணி என் மனைவி.

எட்டு வருஷம் முன்னால் ஆடிட்டர்தான் சொன்னார். "உங்கூட்டுக்காரம்மா பேர்ல போட்டுருங்க தங்கவேலு. பொம்பளைங்க நடத்தற தொழில்னா பேங்க்ல சலுகை உண்டுங்க. கையெழுத்து மட்டுந்தான் அவங்க, மத்ததெல்லாம் நீங்கதானுங்க." போட்டேன். ஏற்றுமதி செய்ய ஐ.இ.சி. என்று ஓர் எண் வேண்டும். பத்து எழுத்து. அது இல்லாமல் ஒரு பொட்டலம்கூடத் துறைமுகத்தைத் தாண்டாது. அதுவும் அவளுடைய பான் கார்டு எண்ணேதான். ஆகவே டெல்லிக்கும் சுங்கத்துறைக்கும் கப்பல்காரனுக்கும் ஏற்றுமதியாளர் கலாமணி.

இத்தனை நாள் இது எனக்கு உறுத்தவில்லை. இன்று டென்மார்க்கிலிருந்து ஒரு மெயில் வந்தது. நாற்பது கடை வைத்திருக்கும் அம்மாள், பெயர் பிர்கிட்டே. நேரில் வருகிறாராம். கலாமணியைச் சந்திக்க ஆவலாக இருக்கிறாராம்.

ஏப்ரல் 11, வெள்ளி

டென்மார்க் அம்மாள் வந்து போய்விட்டார். 165/100.

நூல் ரகம், சாயம் நிற்கும் விதம், தையல் தரம் எல்லாம் நான்தான் விளக்கினேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உரிமையாளர் எப்போது வருவார்?" என்றார். வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். கலா புளி கரைத்துக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்தாள். அவள் பி.எஸ்சி. கணக்கு படித்தவள். அவளுக்கு இங்கிலீஷ் பேச வரும் என்பது எனக்குத் தெரியும், இவ்வளவு வரும் என்பது தெரியாது.

ஏப்ரனைக் கையில் எடுத்தாள், கழுத்து நாடாவைப் பார்த்தாள். "இத மாட்டிட்டு ஒரு மணி நேரம் நின்னா கழுத்து வலிக்கும். நாடாவ முதுகுல குறுக்கா போட்டா தோள்பட்டை தாங்கிக்கும்" என்றாள். சொன்னதோடு விடாமல், நாடாவைப் பிரித்துத் தைத்து, மாட்டியும் காட்டினாள். அந்த அம்மாள் கை தட்டினார். பதினெட்டாயிரம் ஏப்ரனுக்கு அங்கேயே ஆர்டர். சரியாக வந்தால் குளிர்கால ஆர்டர் இதைப்போல மூன்று மடங்கு என்றார்.

பிறகு போட்டோ. அந்த அம்மாளும் கலாவும் தோளோடு தோள் நின்றார்கள். செல்போனை என்னிடம் நீட்டி எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

ஏப்ரல் 12

ஆர்டர் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கலா தினமும் ஆபீசுக்கு வருகிறாள். காலை ஏழரைக்குச் சமையல் முடித்து, எட்டரைக்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் நாற்காலியில் இல்லை. எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டாள். வருகிற ஆட்கள் எல்லாம் என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு அந்த பிளாஸ்டிக் நாற்காலியிடம் பேசுகிறார்கள்.

கட்டிங் மாஸ்டர் ஷேக் பரீத் என்னிடம் பதினோரு வருஷம் வேலை பார்க்கிறார், முந்தைய கம்பெனியிலிருந்து கூடவே வந்தவர். இன்று ஓர் அளவு சொன்னேன். "சரிங்ணா, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்றார். எனக்கு அப்படியே வயிறு எரிந்தது. வேறு என்ன சொல்ல, எரிந்தது.

மதியம் சாப்பிடும்போது கலா கேட்டாள். "ஏன் மாமா, ஒடம்புக்கு ஏதாச்சுமா? மூஞ்சியே செரியில்ல."

"வெயிலு" என்றேன்.

மே 14, புதன்

இன்று நடந்ததை எழுதினால் சிரிப்பு வருகிறது. அங்கே நிற்கும்போது வரவில்லை.

பேங்கில் ஒரு காகிதத்துக்கு கலாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. முதல் முறையாக அவளே போய்ப் போட்டாள். புதிதாக வந்திருக்கும் அதிகாரி பழைய அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி ஒத்துப்போகும்? கணக்கு ஆரம்பித்த நாள் முதல் த. கலாமணி என்று போட்டுவருவது நான்தானே. எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பெண்டாட்டி பேரில் கம்பெனி, புருஷன் கையில் பேனா.

கலா என் முகத்தைப் பார்த்தாள். "பழைய கையெழுத்து கொஞ்சம் மறந்துபோச்சுங்க சார், அஞ்சு நிமிஷம்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு என்னை வெளியே கூட்டிவந்தாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டச் சொன்னாள். அவள் பேரை நான் எழுதிக் காட்டினேன். 'க'வின் வால், 'ணி'யின் சுழி. அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது, மறைப்பானேன். என்னிடம் ஒன்று கற்றுக்கொண்டாள்.

உள்ளே போய் அந்தக் கையெழுத்தைப் போட்டாள். ஒத்துப்போனது. உடனே அதிகாரியிடம், "சார், இதோட கையெழுத்த மாத்தி எழுதிக் குடுத்தர்றேன். இனி இதுதான்" என்று தன் சொந்தக் கையெழுத்தைப் போட்டாள். அப்படியே பேங்க், ஐ.இ.சி. எல்லாவற்றிலும் இருந்த என் போன் நம்பரையும் எடுத்துவிட்டு அவளுடையதைக் கொடுத்தாள். ஓ.டி.பி. இனி அவளுக்குத்தான் வரும்.

"ஒவ்வொருக்காலும் உங்களுக்குத் தொந்தரவு எதுக்குங்க மாமா" என்றாள்.

தொந்தரவாம். மெயில் ஐ.டி.யை மட்டும் மாற்றவில்லை. அது இன்னும் என்னுடையதுதான்.

மே 15

170/105. டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

ஜூன் 9, திங்கள்

மெயில் ஒன்று வந்தது. ஐ.இ.சி. வைத்திருக்கும் எல்லாருக்கும் வருஷா வருஷம் வருவதுதான். ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் இணையதளத்தில் போய், எங்கள் விவரம் சரிதான் என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும் இல்லை என்றாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஜூலை முதல் தேதியிலிருந்து எண் செல்லாது.

இந்த விதி வந்த நாளிலிருந்து நான்தான் செய்தேன். கலாவுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கால் மணி நேர வேலை. இந்த வருஷம் ஓ.டி.பி. அவள் போனுக்கு வரும். நான் போய் நின்று, "கலா, அந்த ஆறு எண்ணைக் கொஞ்சம் சொல்லு" என்று கேட்க வேண்டும்.

எழுந்து போனேன். அவள் டென்மார்க்கோடு வீடியோவில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 13

ஏப்ரன் பாதி முடிந்தது. முதுகில் குறுக்கு நாடா. நல்ல யோசனைதான். நானும் அதையேதான் யோசித்து வைத்திருந்தேன், சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

ஜூன் 21, சனி

மறுபடி அதே மெயில்.

ஏற்றுமதியாளர் சங்கத்திலிருந்து கலாவுக்குப் பாராட்டு விழா. 'சிறந்த பெண் தொழில்முனைவோர்'. நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர், "நீங்க என்ன பண்றீங்க?" என்றார். சொன்னேன். "ஓ, மேடத்தோட வீட்டுக்காரரா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்காரர். வீட்டைக் காத்துக்கொண்டு கிடப்பவன்போல.

மேடையில் கலா என் பெயரைச் சொன்னாள். இதெல்லாம் என் வீட்டுக்காரர் போட்ட பாதை என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலும் அவளுக்குத்தான் விழுந்தது.

முதலாளியம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்கிறார்கள். தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 27

மூன்றாவது மெயில். கடைசி நினைவூட்டலாம். பேக்கிங் நடக்கிறது, எல்லாரும் ஓட்டமாக ஓடுகிறார்கள். இந்த நேரத்தில் போய் யாரைத் தொந்தரவு செய்வது?

ஜூன் 30

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 2, புதன்

சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பியது. கலா லாரிக்குச் சூடம் காட்டினாள். சனிக்கிழமை கப்பல். வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போய்விட வேண்டும். ஆகஸ்ட் இருபதுக்குள் அங்கே கடைகளில் தொங்க வேண்டும்.

இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

தூத்துக்குடியில் எங்களுக்குச் சுங்க வேலை பார்க்கும் ஏஜென்ட் மெர்வின். காலை பத்தரைக்கு கலாவின் போனுக்குக் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்கா, கஸ்டம்ஸ்ல ஷிப்பிங் பில்லு ஏற மாட்டேங்கு. ஒங்க ஐ.இ.சி. செத்துக் கெடக்குல்லா. ஒண்ணாந்தேதியிலேர்ந்து செல்லாதுன்னு காட்டுது."

கலாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

அவன் சொல்லச் சொல்ல அவளே இணையதளத்தில் நுழைந்தாள். ஓ.டி.பி. அவளுக்கே வந்தது. இருபது நிமிஷத்தில் உறுதி செய்துவிட்டாள். ஆனால் அங்கே உயிர் வந்த எண் சுங்கத்துறை கம்ப்யூட்டருக்கு வந்து சேர வேண்டுமே. ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம் என்றான் மெர்வின்.

"வண்டிய எடுங்க மாமா" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

நேற்று மாலையே தூத்துக்குடி வந்துவிட்டோம். இன்று காலையிலிருந்து மெர்வின் ஆபீசில். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவன் போட்டுப் பார்க்கிறான், ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டுகிறான். பன்னிரண்டு மணி அடித்தது. துறைமுக கேட்டை மூடிவிட்டார்கள். நாலு மணிக்கு எண் உயிரோடு வந்து நின்றது. அடுத்த கப்பல் பதினைந்தாம் தேதி.

மெர்வின் டீ வாங்கிக் கொடுத்தான். நல்ல பையன், கள்ளம் கபடம் இல்லை. "வருசா வருசம் நீங்கதான அண்ணாச்சி இத ஒழுங்கா போடுவிய. மெயில்கூட மூணு வந்திருக்குமே. இந்த வருசம் என்ன, மறந்துட்டியளா?"

"மறந்துட்டேன்" என்றேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

கலா கையை நீட்டினாள். "போனக் குடுங்க."

கொடுத்தேன். அவள் மெயிலைத் தேடி எடுத்தாள். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும், படித்தது மெலிந்திருக்கும். மூன்றும் மெலிந்திருந்தன. அழித்தாவது தொலைத்திருக்கலாம். அதற்குக்கூட எனக்குச் சாமர்த்தியம் இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உடனே ஊருக்குக் கிளம்பினோம். மதுரை தாண்டியதும் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அம்புட்டு ஆசையா இருந்தா உங்க பேர்லயும் ஒரு நம்பர் வாங்கிருக்கலாமுல்ல மாமா. ஆரு வேண்டாம்னா?"

எட்டு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

ஜூலை 7, திங்கள்

டென்மார்க்குக்கு கலா எழுதியிருக்கிறாள். நகல் எனக்கும் வந்தது. அகராதி வைத்துப் படித்தேன்.

'எங்கள் பதிவு எண்ணைப் புதுப்பிக்கத் தவறிவிட்டோம். உரிமையாளர் என்ற முறையில் கவனித்திருக்க வேண்டியது நான். தவறு முழுவதும் என்னுடையது.'

மூன்று தரம் படித்தேன். என்னைக் காப்பாற்றியிருக்கிறாள், நன்றி வர வேண்டும். எனக்கு வந்தது பொறாமைதான், என் புத்தியை என்ன சொல்ல. இந்தக் கம்பெனியில் நான் ஒருவனே, யார் உதவியும் இல்லாமல், முழுசாகச் செய்த காரியம் அந்தத் தவறு ஒன்றுதான். அதுவும் அவள் பெயரில் போய்விட்டது.

ஜூலை 9, புதன்

பதில் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி கப்பலில் வரும் சரக்கை எடுத்துக்கொள்கிறார்கள். குளிர்கால ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுக்கப் போகிறார்கள். 'உங்கள் வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது, கலாமணி. ஆனால் தன் பதிவு எண்ணையே கவனிக்காத உரிமையாளரை நம்பி நாற்பது கடையை வைக்க முடியாது.'

கலா படித்தாள், எழுந்து கட்டிங் மேசைக்குப் போனாள், ஒரு மணி நேரம் துணி மடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஆர்டரை நம்பிச் சேர்த்த பதினாலு தையல் பெண்களை நிறுத்த வேண்டும். ஷேக் பரீத் என்னிடம் வந்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்கா மேல மரியாதை இருக்குதுங்ணா. ஆனாலும் இத்தனூண்டு விசயத்தப் பாக்காம உட்டுட்டாங்களே. நீங்க பாத்துட்டிருந்த வரைக்கும் இப்படி ஒருநாளும் ஆனதில்லீங்க."

இதைக் கேட்கத்தான் மூன்று மாதமாகத் தவித்தேன். இதே வார்த்தை, இதே ஆள். கேட்டதும் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். உள்ளே வர அரை மணி நேரமாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

என் பெயரில் ஐ.இ.சி. போட்டேன். 'தங்கவேல் எக்ஸ்போர்ட்ஸ்'. விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கே எண் வந்துவிட்டது. அச்செடுத்து மேசையில் வைத்தேன். பத்து எழுத்து, மேலே என் பெயர். கலா எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குது" என்றாள். கேலி இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சொல்லிவிட்டேன். காலையில் அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"கலா, அந்த மெயிலு மூணும் படிச்சேன். மறக்கல. வேணுமின்னே சொல்லல."

"தெரியுமுங்க."

"நீ ஏன் உன் தப்புன்னு எழுதின?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வேற என்னத்தன்னு எழுதச் சொல்றீங்க? எம் புருஷன் எம்மேல பொறாமப்பட்டு எந்தொழில்ல மண்ணள்ளிப் போட்டாருன்னா? வெளியாளு செஞ்சிருந்தா எழுதிருப்பேன். உங்கள எங்கீங்க மாமா எழுதறது?"

அப்போதுதான் அவள் அழுதாள். காப்பி ஆறிப்போனது.

ஆபீசுக்கு வந்ததும் பிர்கிட்டே அம்மாளுக்கு நானே எழுதினேன். என் இங்கிலீஷில். 'மூன்று மெயிலையும் பார்த்தது நான். கலாமணிக்குக் காட்டவில்லை. அவருக்குக் கிடைத்த பெயரைப் பார்த்து எனக்குப் பொறாமை. அவர் தவறு ஒன்றுமில்லை. ஆர்டரை அவருக்கே கொடுங்கள்.' கீழே தங்கவேல் எக்ஸ்போர்ட்ஸ் என்று போட்டு, என் ஐ.இ.சி. எண்ணையும் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 15

கப்பல் கிளம்பிவிட்டது என்று மெர்வின் சொன்னான்.

ஜூலை 16, புதன்

பதில் வந்தது. கலா பக்கத்தில் நின்று வாசித்தாள்.

'உங்கள் கடிதத்துக்கு நன்றி. நீங்கள் சொல்வது உண்மையானால் கலாமணி விஷயத்தில் எங்கள் முடிவை மறுபடி யோசிக்க வேண்டும். ஆனால் தங்கவேல் எக்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தை எங்களுக்குத் தெரியாது. இந்த எண்ணும் எங்கள் பட்டியலில் இல்லை. முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள்.'

ஏப்ரல் மாதம் அரை நாள் அந்த அம்மாளுக்கு நூலும் சாயமும் விளக்கியவன் நான்.

கலா வெளியே போனாள். "பரீத் பாய், இந்த வாரம் ஆரையும் நிறுத்த வேண்டாமுங்க, பொறுத்துப் பாப்போம்" என்று சொன்னது உள்ளே கேட்டது.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நிர்வாக இயக்குநர் என்று அடித்தேன், அழித்தேன். நிறுவனர் என்று அடித்தேன், அழித்தேன். கீழே போட்டிருந்த தங்கவேல் எக்ஸ்போர்ட்ஸையும் எண்ணையும் எடுத்தேன். பிறகு ஒரே ஒரு வரி அடித்து அனுப்பினேன்.

'நான் கலாமணியின் கணவன்.'